உயரம் ஒரு கடனா?

வீட்டில் உயரமான பையன் ஒருவன் இருந்துவிட்டால், பரணில் இருக்கும் பாத்திரங்கள் எல்லாம் அவன் பொறுப்பாகிவிடும். "பனைமரம் மாதிரி வளர்ந்திருக்கிறாயே, அந்த அண்டாவை இறக்கித் தரக்கூடாதா?" என்று பாட்டி கேட்பாள். அவன் இறக்கித் தந்தால் யாரும் பாராட்டுவதில்லை. உயரமாக இருக்கிறவன் செய்ய வேண்டியதுதானே! கை நழுவி அண்டா விழுந்துவிட்டாலோ, "ஆள்தான் வளர்ந்திருக்கிறான்; அறிவு வளரவில்லை" என்ற தீர்ப்பு உடனே வந்துவிடும். குள்ளமான அவன் தம்பி முக்காலி போட்டு ஏறி அதே அண்டாவை இறக்கினால், அவனுக்கு ஒரு 'சபாஷ்' கிடைக்கும்.

இந்தச் சின்ன அநியாயத்தைப் பற்றி நான் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை. எண்ணிப் பார்க்க வைத்தது, அமெரிக்காவின் நடுப்பகுதியில் ஒரு கல்லூரி ஊரில், ஒரு குளிர்கால இரவில் நான் கேட்ட விவாதம்.

அன்று அந்த ஊர்க் கல்லூரியில் கூடைப்பந்து ஆட்டம். கூடைப்பந்து நமக்குப் புதியதல்ல. 1891-ஆம் ஆண்டு மாஸசூஸெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித், குளிர்காலத்தில் மாணவர்களுக்கு ஒரு வேலை வேண்டுமே என்று, பழக்கூடை இரண்டைப் பத்தடி உயரத்தில் கட்டிவைத்து இந்த ஆட்டத்தைத் தொடங்கினார். பிற்காலத்தில் அதே பள்ளியில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920-இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். ஆனால் நம் ஊரில் ஒரு மைதானத்து மூலையில் மாலை நேரத்தில் நடக்கும் ஆட்டத்துக்கும், அங்கே ஊரே திரண்டு வந்து பார்க்கும் ஆட்டத்துக்கும், கோயிலுக்கும் அதன் பெரிய தேர்த் திருவிழாவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. வெளியே பனி கொட்டுகிறது. உள்ளே ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நிறச் சட்டை அணிந்து தொண்டை வறளக் கத்துகிறார்கள்.

அந்த ஊர் அணி அன்று தோற்றுப் போயிற்று. ஆட்டம் முடிந்தபின், குளிருக்கு அஞ்சி நான் ஒரு காப்பிக் கடைக்குள் நுழைந்தேன். பக்கத்து மேஜையில் மூன்று பேர். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் போல் தோன்றிய ஒரு பெரியவர். கல்லூரி மாணவன் ஒருவன். எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி. ஒருவருக்கொருவர் உறவினர் அல்லர். ஒரே அணியின் ரசிகர்கள் என்ற உறவு மட்டுந்தான். அவர்கள் பேச்செல்லாம் அணியின் இரண்டு இளைஞர்களைப் பற்றியே இருந்தது. இருவரும் கல்லூரிக்கு வந்து சில மாதங்களே ஆனவர்கள். இருவருமே ஏழடிக்குச் சில அங்குலங்களே குறைந்தவர்கள். அன்றைய தோல்விக்கு அவர்கள் ரீபவுண்டு எடுக்கத் தவறியதே காரணம் என்பது பெரியவரின் கட்சி.

ரீபவுண்டு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கல்லூரி ஆட்டங்களில் கூடையை நோக்கி எறியப்படும் பந்துகளில் பாதிக்கு மேல் கூடைக்குள் விழுவதில்லை. வளையத்திலோ பலகையிலோ பட்டுத் திரும்பி வருகின்றன. அப்படித் தவறித் திரும்பும் பந்தை எந்த அணி கைப்பற்றுகிறதோ அந்த அணிக்கு அடுத்த வாய்ப்பு. ஆகவே கூடையின் கீழே நிற்கும் உயரமானவர்களின் தலையாய வேலை, பிறர் தவறவிட்டதைப் பிடிப்பது. பந்தைக் கூடைக்குள் போட்டவனுக்குக் கைதட்டல். தவறிய பந்தைப் பிடித்தவனுக்கு மறுநாள் பத்திரிகையில் ஓர் எண். பிடிக்காமல் விட்டவனுக்கு இப்படிக் காப்பிக் கடைகளில் விசாரணை.

"ஆண்டவன் அவ்வளவு உயரத்தைக் கொடுத்திருக்கிறான். கையைத் தூக்கினால் வளையம். அதற்கப்புறமும் ஒருவன் பந்தை விட்டுவிடுகிறான் என்றால் அது திறமைக் குறைவு அல்ல, மெத்தனம். மனம் இல்லை!" என்றார் பெரியவர்.

"ஐயா, அவனுக்கு இன்னும் பத்தொன்பது வயது ஆகவில்லை. இரண்டு வருஷம் பொறுங்கள்" என்றான் மாணவன்.

மூதாட்டி காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நீ பொறுக்கலாம், தம்பி. இந்த அணியில் நாலாம் வருஷப் பையன்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இரண்டு வருஷம் ஏது? அவர்களுக்கு இருப்பது இந்த ஒரு குளிர்காலந்தானே!" என்றாள்.

மூவர் சொன்னதிலும் நியாயம் இருப்பது போல் எனக்குத் தோன்றியது. அறைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. பெரியவரின் வாதத்தில் மறைந்து கிடந்த ஓர் எண்ணம் முள் மாதிரி உறுத்திற்று. ஒருவனுக்கு இயற்கை ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறது. ஆகவே அவன் நமக்குக் கடன்பட்டவன். வட்டியைக் குறித்த தேதியில் கட்டாவிட்டால் அவன் குணத்திலேயே கோளாறு. இதுதான் அந்த எண்ணம். இது கூடைப்பந்தில் மட்டுமா இருக்கிறது? நன்றாகப் பாடும் பெண்ணிடமும், கணக்கில் சூரனான பையனிடமும் நாம் இதே பாக்கியைத்தானே வசூலிக்கப் போகிறோம்? வரம் என்பது கடன்தானா?

பெரியவருக்கு மறுமொழியாக உடனே நினைவுக்கு வருவது பில் ரஸ்ஸலின் கதை. 1934-இல் லூயிஸியானாவில் பிறந்த நீக்ரோ வம்சத்துப் பிள்ளை (அக்காலத்தில் அப்படித்தான் எழுதுவார்கள், இன்று கறுப்பினத்தவர் என்கிறோம், அதுவே மரியாதை). பிழைப்புத் தேடிக் குடும்பம் கலிபோர்னியாவில் ஓக்லண்டு நகருக்குக் குடிபெயர்ந்தது. மக்ளைமண்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியின் இளைய அணியில் அந்தப் பையனுக்கு இடம் கிடைப்பதே சந்தேகமாக இருந்தது. கை கால் ஒத்துழைக்காத, கூச்சம் நிறைந்த ஒல்லிப் பையன். அணியில் சட்டைகள் 15; ரஸ்ஸல் பதினாறாவது ஆள். ஜார்ஜ் பவுல்ஸ் என்ற வெள்ளைக்காரப் பயிற்சியாளர் அவனை வீட்டுக்கு அனுப்பவில்லை. பதினைந்தாவது சட்டையை அவனும் இன்னொரு பையனும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள ஏற்பாடு செய்தார். பள்ளிப் படிப்பு முடிந்தபோது அவனுக்கு உபகாரச் சம்பளம் தர முன்வந்த கல்லூரி ஒன்றே ஒன்றுதான்: சான் பிரான்ஸிஸ்கோ பல்கலைக்கழகம். ஆட்டத்துக்கென்று சொந்தமாக ஓர் அரங்குகூட அப்போது அதற்கு இல்லை.

அந்தக் கல்லூரி 1955-இலும் 1956-இலும் தேசிய வெற்றி பெற்றது. ரஸ்ஸல் ஆட்டத்துக்குச் சராசரி இருபதுக்கு மேல் ரீபவுண்டு எடுத்தார். கல்லூரியை விட்டபோது அந்த அணி தொடர்ந்து 55 ஆட்டங்களில் தோல்வி அறியாமல் இருந்தது. அவருடைய ஆதிக்கத்தைக் கண்டு கூடையின் முன்னே இருக்கும் கட்டத்தின் அகலத்தையே 6 அடியிலிருந்து 12 அடியாக்கி விதியை மாற்றினார்கள். பின்னர் பாஸ்டன் ஸெல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணியில் 13 பருவங்கள் ஆடினார்; அவற்றுள் 11 பருவங்களில் பட்டம் அந்த அணிக்கே. 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது பழமொழி. அந்த இளைய அணியைப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பயிரை முளையில் கண்டுகொள்ளவில்லை.

பழங்கதை என்றால், அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. கனடாவில் டொராண்டோ நகரத்தைச் சேர்ந்த ஸாக் ஈடி, 7 அடி 4 அங்குலம். சிறுவயதில் பனி ஹாக்கியும் பேஸ்பாலும் ஆடியவர். கூடைப்பந்துக்கு வந்தது பள்ளியின் பிற்பகுதியில்தான். 2020-இல் இந்தியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதல் பருவத்தில் அவருடைய ரீபவுண்டுகள் ஆட்டத்துக்குச் சராசரி 4.4. இரண்டாம் பருவத்தில் 7.7. மூன்றாம் பருவத்தில் 12.9. உயரம் அதே உயரந்தான். 2023, 2024 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரர் என்ற பெயர் அவருக்குக் கிடைத்தது. முதல் பருவத்து 4.4-ஐ மட்டும் பார்த்துவிட்டு, "ஏழடி நாலங்குலத்துக்கு இவ்வளவுதானா?" என்று காப்பிக் கடையில் கேட்டவர்கள் இருந்திருக்கவே இருந்திருப்பார்கள்.

இந்த இரண்டு கதைகளையும் சொல்லிவிட்டு, "ஆகவே பொறுமை வேண்டும்" என்று நான் முடித்துவிட்டால், கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் அது நேர்மையாகாது. ஒரு ரஸ்ஸலுக்கு எத்தனையோ பையன்கள், பதினாறாவது ஆளாக நின்று, பதினாறாவது ஆளாகவே வீட்டுக்குப் போனவர்கள். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாததால்தான் இந்த வாதம் இவ்வளவு அழகாக இருக்கிறது. பின்னால் பலன் கிடைத்தது, ஆகவே முன்னால் காட்டிய பொறுமை சரி என்று சொல்வது வியாபாரியின் கணக்கு. விதை நெல்லுக்கு அந்தக் கணக்குப் பொருந்தும், பிள்ளைக்குப் பொருந்தாது.

ஜார்ஜ் பவுல்ஸுக்கு 11 பட்டங்கள் தெரியாது. அவர் கண்ணில் பட்டது ஒரு ஒல்லிப் பையனும் ஒரு சட்டைப் பற்றாக்குறையும் மட்டுந்தான். அந்தப் பையன் பின்னாளில் ஒன்றுமே ஆகாமல், ஏதோ ஒரு பண்டகசாலையில் வேலைக்குப் போயிருந்தாலும், அன்று அவர் செய்தது சரியாகவே இருந்திருக்கும். பொறுமை அறமாக இருக்க வேண்டுமானால், பலன் வராவிட்டாலும் அது அறமாக நிற்க வேண்டும்.

அப்படி நிற்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அது அந்த ஆட்டத்துக்குள்ளேயே இருக்கிறது.

பந்து திரும்பி வரும்போது உயரமானவன் கையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறான் என்றுதான் மேலே உட்கார்ந்து பார்க்கிற நாம் நினைக்கிறோம். உண்மையில் வேலை அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பந்து எறிந்தவன் கையை விட்டுக் கிளம்பும்போதே அது எந்தப் பக்கம் திரும்பும் என்று கணிக்க வேண்டும். வலப்பக்க மூலையிலிருந்து எறிந்த பந்து தவறினால் பெரும்பாலும் இடப்பக்கம் போய் விழும். தூரத்திலிருந்து எறிந்தது தூரத்தில் போய் விழும். அந்த இடத்துக்கு எதிரி வருவதற்குள், அவனுக்கு முதுகைக் காட்டி, காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, அவனைப் பின்னால் நிறுத்திவைக்க வேண்டும். பந்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு முதலில் ஆளைத் தேட வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கையைத் தூக்குவது.

இப்போது அந்த உயரமான பையனின் பன்னிரண்டு வயதை நினைத்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் எல்லாரையும்விட ஒரு முழம் உயரம். அவனுக்கு எதிரியைத் தேட வேண்டிய அவசியமே இல்லை. கையைத் தூக்கினான், பந்து வந்தது. ஆறு ஆண்டுகள் அப்படியே வந்துகொண்டிருந்தது. குள்ளமானவன் பிழைப்பதற்காகக் கற்றுக்கொண்ட வித்தையெல்லாம் இவனுக்குத் தேவைப்படவே இல்லை. கல்லூரிக்கு வந்ததும் ஒரு நாள் சுற்றிப் பார்க்கிறான். கூடையின் கீழே நிற்பவர்கள் எல்லாரும் தன்னைப் போன்றவர்களே. இருபத்திரண்டு வயதாகி, தோள் முற்றியவர்கள் வேறு. வாழ்க்கையிலேயே முதல் முறையாக அவன் உயரம் செல்லாக்காசு ஆகிவிட்டது. கால் எங்கே வைப்பது, ஆளை எங்கே தேடுவது என்று அவன் நினைக்கத் தொடங்குகிறான். நினைப்பதற்கு ஒரு விநாடி ஆகிறது. அந்த ஒரு விநாடியைத்தான் மேலே உட்கார்ந்திருந்த பெரியவர் பார்த்தார். 'மெத்தனம்' என்று அதற்குப் பெயர் வைத்தார்.

கற்றுக்கொண்டிருப்பவனின் தயக்கமும், மனமில்லாதவனின் தயக்கமும் வெளியிலிருந்து பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். இரண்டையும் பிரித்துச் சொல்லக்கூடியவர் தினந்தோறும் பயிற்சியில் உடன் நிற்பவர். இன்னொருவர், அந்தப் பையனே. சில சமயம் அவனுக்கும் தெரியாது. அறியாத இடத்தில் குறைவான குற்றத்தைச் சுமத்துவது நீதிமன்றத்தில் மட்டும் பின்பற்ற வேண்டிய முறை அல்ல. "அவனால் இன்னும் முடியவில்லை" என்பது ஆட்டத்தைப் பற்றிய அபிப்பிராயம். அதைச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. "அவனுக்கு மனம் இல்லை" என்பது ஓர் ஆத்மாவைப் பற்றிய தீர்ப்பு. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே வந்ததால் மட்டும் அந்த உரிமை கிடைத்துவிடாது.

பத்திரிகையில் வரும் எண்ணும் முழுச் சாட்சி அல்ல. ஒருவன் எதிரியை முதுகால் தடுத்து நிறுத்துகிறான். அதனால் காலியான இடத்தில் பந்து விழுகிறது. பக்கத்தில் நின்ற தோழன் எடுத்துக்கொள்கிறான். கணக்குப் புத்தகத்தில் ரீபவுண்டு தோழனுக்கு. தடுத்து நின்றவனுக்குப் பூஜ்யம். குடும்பங்களிலும் இப்படிப் பூஜ்யம் வாங்கிக்கொண்டே காலம் தள்ளுகிறவர்கள் உண்டு என்பதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"அதெல்லாம் அந்தக் காலம். இப்போது இந்தப் பையன்கள் பணம் வாங்குகிறார்களே!" என்று ஒரு கேள்வி எழலாம். எழ வேண்டிய கேள்விதான். 2021 ஜூலை முதல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் கொண்டு பணம் சம்பாதிக்க அனுமதி உண்டு. 2025 ஜூலை முதல் கல்லூரிகளே நேரடியாக அவர்களுக்குப் பணம் தரலாம். பணம் வாங்கியவன் கடன்பட்டவன் அல்லவா?

பட்டவன்தான், சந்தேகமில்லை. நேரத்துக்குப் பயிற்சிக்கு வர வேண்டும், சொன்னதைக் கேட்க வேண்டும், களத்தில் ஓட வேண்டும். அவை அவனால் தரக்கூடியவை, தராவிட்டால் கேட்கலாம். ஆனால் முதிர்ச்சி என்பது யாரும் தவணை முறையில் தரக்கூடிய பொருள் அல்ல. அதைத் தருவதாக அவன் கையெழுத்துப் போட்டிருந்தாலும், அவன் கையில் இல்லாததைத்தான் எழுதிக்கொடுத்திருக்கிறான். உழைப்பைக் கடனாகக் கேட்கலாம். வளர்ச்சியைக் கடனாகக் கேட்க முடியாது.

மூதாட்டியின் கேள்விக்குத்தான் எனக்கு எளிதில் விடை கிடைக்கவில்லை. பொறுமை என்பது இனாமாக வருவதல்ல. அதற்கு விலை கொடுப்பது பெரும்பாலும் வேறு யாரோ. ஒருவன் மெல்லக் கற்றுக்கொள்வதற்காக, நான்கு வருஷம் காத்திருந்த இன்னொருவனின் கடைசிப் பருவம் வீணாகலாமா? ஆகாது. அந்த நாலாம் வருஷப் பையன்களுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. பொறுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வசதியாக மறந்துவிடும் நியாயம் அது.

பழைய நாளில் இதற்கு ஒரு விதி இருந்தது. முதல் வருஷ மாணவர்கள் கல்லூரியின் முதன்மை அணியில் ஆடவே கூடாது. தனி அணியில் ஆடிப் பழக வேண்டும். ரஸ்ஸலும் அப்படித்தான் ஒரு வருஷம் பழகினார். 1972-இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இனி அது திரும்பப் போவதில்லை. திரும்ப வேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. ஆனால் அந்த விதி ஒன்றைப் புரிந்துகொண்டிருந்தது. பொறுமை காட்டுவது வேறு, இடத்தைத் தூக்கிக் கொடுப்பது வேறு. இன்று அவனைவிட நன்றாக ஆடுகிறவன் இருந்தால், அவனே ஆடட்டும். உயரமான பையன் ஓரத்துப் பெஞ்சியில் உட்காரட்டும். பெஞ்சியில் உட்காருவது அவமானம் அல்ல. உட்கார்ந்திருக்கும்போது முதுகுக்குப் பின்னால் கேட்கும் சொல்தான் அவமானம். இப்படிச் செய்தால் நாலாம் வருஷப் பையனுக்கும் அநீதி இல்லை, முதல் வருஷப் பையனுக்கும் இல்லை. ஆனாலும் சில ஆட்டங்கள் தோற்கத்தான் தோற்கும். அந்தத் தோல்வியின் மிச்ச வலிக்கு நான் மருந்து வைத்திருக்கவில்லை. மூதாட்டி கேட்டது சரியான கேள்வி என்று ஒப்புக்கொள்வதோடு நிற்கிறேன்.

உயரம் இருந்தால் வெற்றி நிச்சயம் என்பவர்களுக்கு 2023 மார்ச் 17-ஆம் தேதி ஒரு பாடம் கிடைத்தது. முன்பே சொன்ன ஈடியின் பர்டியூ அணி, ஃபேர்லி டிக்கின்ஸன் என்ற கல்லூரி அணியிடம் 58-க்கு 63 என்று தோற்றது. எதிரணி, நாட்டின் முதல் பிரிவு அணிகளிலேயே உயரத்தில் மிகக் குறைந்தது. ஈடி அன்று 15 ரீபவுண்டு எடுத்திருந்தார். தம் பங்கில் குறை வைக்கவில்லை. ஆனாலும் நாடு முழுவதும் கேலி. அடுத்த ஆண்டு அதே அணி தேசிய இறுதியாட்டம் வரை போயிற்று, அங்கே தோற்றது. கடைசிவரை போயும் பட்டம் இல்லை. அந்த நான்கு ஆண்டுகளில் அவர் யாருக்கேனும் கடன் பாக்கி வைத்துவிட்டார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மூன்று நாள் கழித்து, ஊரை விட்டுப் புறப்படுமுன் அதே காப்பிக் கடைக்குப் போனேன். பெரியவர் தனியாக உட்கார்ந்திருந்தார். முகமன் கூறிவிட்டு, அந்தப் பையன்களைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறார் என்று கேட்டேன்.

"என்ன நினைப்பது? உதவ மாட்டான்கள்!" என்றார், சற்றும் மாறாமல்.

"அப்படியானால் அடுத்த பருவத்துக்குச் சீட்டு வாங்கப் போவதில்லையா?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "முப்பது வருஷமாக வாங்குகிறேன். இதில் பாதி வருஷம் தோல்விதான். வாங்காமல் இருப்பேனா?" என்றார். பிறகு, ஏதோ ரகசியம் சொல்லுகிறவர் போல் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த இரண்டு பேரில் சின்னவன் இருக்கிறானே, நேற்றுப் பயிற்சியில் காலைச் சரியாக வைக்கிறானாம். யாரோ சொன்னார்கள்" என்றார்.